பாட்டு கம்மியாம்!

ஒரே ஒரு ஆள். மடியில ஆர்மோனியம், தோள்ல ஒரு துண்டு, பக்கத்துல ஒரு மர நாற்காலி. இவ்வளவுதான் மேடை. இதை வச்சுக்கிட்டு கண்ணதாசன் வாழ்க்கையை நடிச்சுப் பாடிக் காட்டுறார் மனுசன். அதை வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்து பார்க்க காரைக்குடியில நமக்குத் துப்பில்லை. வயித்தெரிச்சலா இருக்கு.

வேற ஊர்னா விட்டுத் தொலைக்கலாம். கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி நம்ம பக்கம், படிச்ச அமராவதிபுதூர் இந்தா இருக்கு, மணிமண்டபமும் நம்ம ஊர்லதான். 'எங்க கவிஞர்'னு நெஞ்சை நிமித்துறதுல மட்டும் குறைச்சலே கிடையாது.

சின்னப்பய முத்தையாவை (கண்ணதாசனுக்குப் பெத்தவங்க வச்ச பேர்) 7,000 ரூபாய்க்குப் பிள்ளை கூட்டிக்கிற, அதாவது தத்தெடுக்கிற காட்சி. பேரே நாராயணன்னு மாறிப்போகுது. நடிகர் இந்தப் பக்கம் திரும்பினா பெத்த ஆத்தா, அந்தப் பக்கம் திரும்பினா கூட்டிக்கிட்டுப் போக வந்த ஆச்சி. கையில சுருட்டிப் பிடிச்ச துண்டுதான் பிள்ளை. அதை ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்கு மாத்துறார். பாட்டு இல்லை, வசனம் இல்லை. எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. அப்பப் பார்த்து பின்வரிசையில ஒரு அண்ணன் கணீர்னு கேக்குறார்: "ஏழாயிரம் அப்பப் பெரிய காசுல்ல? இன்னைக்கு எவ்வளவு வரும்?" பக்கத்துல இருந்தவர் பவுன் விலையை வச்சுக் கணக்கே போட ஆரம்பிச்சுட்டார்.

நாலு பேர் நடிக்கிற நாடகத்துல ஒருத்தர் தடுமாறினா இன்னொருத்தர் எடுத்துக் கொடுப்பார். இங்க அவருக்கு எதிர்ல நிக்கிற நடிகரே நாமதான்யா. நாம கவுத்துவிட்டா அவர் யார் முகத்தைப் பார்ப்பார்?

அடுத்தது பொன்னாடை. சிறப்பு விருந்தினருக்கு வேற ஒரு கல்யாணத்துக்குப் போகணுமாம், அதனால நடுவுலயே மேடை ஏறிட்டார். மேடையில அப்ப என்ன காட்சி தெரியுமா? வேலை தேடி சென்னைக்குப் போனவர் பசியோட நிக்கிறார். பட்டினி கிடக்கிறவர் தோள்ல சரிகைப் பொன்னாடை! அதோட போட்டோ வேற, "சார், இந்தப் பக்கம் பாருங்க"ன்னு.

1949ல முதல் சினிமாப் பாட்டு கிடைக்கிற இடம். ரெண்டு வரி முனகுறார், நிறுத்துறார், தலையை ஆட்டிட்டு மறுபடி தொடங்குறார். "முழுசாப் பாடுங்க சார்!"னு ஒரு சத்தம். ஏன்யா, இது என்ன நேயர் விருப்பமா? பாட்டு பாதியில நின்னா அவருக்கு அடுத்த வரி ஓடலைன்னு அர்த்தம். அது கூடவா விளங்காது? குரல் நின்ன உடனே கைதட்டல் வேற. அடுத்த வசனம் அதுலயே முங்கிப் போச்சு. (கூடவே மெல்ல முணுமுணுத்தவங்களை நான் சொல்லலை. கவிஞர் பாட்டுக்கு நம்ம வாய் நம்ம பேச்சைக் கேக்காது.)

கடைசியில சிகாகோ ஆஸ்பத்திரி, 1981 அக்டோபர் 17. குரல் இறங்கிக்கிட்டே வருது. பின்னாடி எவர்சில்வர் வாளி உருளுது. "பணியாரம் வந்துருச்சு"ன்னு சேதி வரிசை வரிசையாப் பரவுது. பாதி மண்டபம் எந்திரிச்சாச்சு. உயிர் போற வரைக்கும் கூடப் பொறுக்க முடியலையா?

வெளிய வந்தா விமர்சனம். "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பாட்டு கம்மி. ஒரே ஆளை வச்சு ஒப்பேத்திட்டாங்க. ஆர்க்கெஸ்ட்ரா வச்சிருக்கலாம்." சொன்னவர் கையில ரெண்டாவது தட்டு வெள்ளைப் பணியாரம்.

விழாக்குழு அண்ணன்மாரே, அடுத்த தடவை பந்தியை முதல்லயே போட்டு முடிச்சுருங்க. பொன்னாடையை வாசல்லயே போர்த்தி அனுப்பிருங்க. ஆர்க்கெஸ்ட்ராதான் வேணும்கிறவங்க கோயில் திருவிழாவுக்கு வாங்க. அங்க சீட்டு எழுதிக் கொடுத்துப் பாட்டுக் கேளுங்க, விசில் அடிங்க, நானும் கூட நின்னு அடிக்கிறேன்.