ஓடுகிற லேப்டாப்பைக் குப்பை என்று சொல்லாதீர்கள்

பழைய லேப்டாப்பெல்லாம் குப்பை என்று சொல்லும் அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் என் நட்புப் பட்டியலில் யாரும் மிச்சமில்லை என்று நினைக்கிறேன். ஆளாளுக்கு இன்பாக்ஸில் அனுப்பித் தள்ளிவிட்டீர்கள். அதனால் இங்கே லிங்க் போடவில்லை. என் புண்ணியத்தில் அந்தத் தம்பிக்கு இன்னும் நாலு வியூஸ் போக வேண்டாம்.

"2018க்கு முன்னாடி வாங்கின லேப்டாப்பா? அது இனிமே லேப்டாப் இல்ல, குப்பை" என்று ஆரம்பிக்கிறார். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இனி திறந்தாலே ஹேக் ஆகிவிடும், பேங்க் பணம் போய்விடும் என்று பின்னணியில் பேய்ப்பட இசையோடு ஒரு பயமுறுத்தல். கடைசியில் சிரித்த முகத்தோடு, "டிஸ்கிரிப்ஷன்ல ஆஃபர் லிங்க் இருக்கு." அதானே!

நான் மரியாதையாகத்தான் கமென்ட் போட்டேன். அந்த லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும், தயவுசெய்து குப்பை என்று சொல்லாதீர்கள் என்று இரண்டே வரி. அதற்கு வந்த பதில்: "அங்கிள், 2026க்கு வாங்க." கூடவே மூன்று சிரிப்பு பொம்மைகள். அந்தப் பதிலுக்கு விழுந்த லைக்குகள் என் மொத்தப் பதிவுகளுக்கும் சேர்த்து விழுந்திருக்காது. அங்கிள் என்றதில் எனக்கு வருத்தமில்லை, நரைத்தது உண்மைதானே. தொழில்நுட்பம் பேசுகிறேன் என்று உட்கார்ந்திருப்பவர் தொழில்நுட்பத்தைப் பற்றி ஒரு வரி கூடச் சொல்லாமல் பயத்தை விற்றுவிட்டுப் போகிறாரே, அதுதான் எரிச்சல்.

நடந்தது என்ன? 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. அன்று ராத்திரி யாருடைய கம்ப்யூட்டரும் அணைந்துபோகவில்லை. இனி புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை முன்போலத் தானாக அடைத்துத் தர மாட்டார்கள், அவ்வளவுதான். அது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு அப்டேட் கட்டாயம் வேண்டும். ஆனால் காவலுக்கு இருந்தவர் வேலையை விட்டுப் போனால் வேறு காவல்காரரைத் தேடுவோமா, வீட்டையே இடிப்போமா?

சரி, விண்டோஸ் 11க்குப் போகலாமே என்றால் அங்கேதான் வேடிக்கை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். 2018இல் கடையில் புதிதாக வாங்கிய ஏழாம் தலைமுறை லேப்டாப் கூட இதில் அடிபட்டுப் போகிறது. ஏழாம் தலைமுறைக்கு என்ன குறை? மெதுவா? இல்லை. விண்டோஸ் 11க்கு அவர்களே கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட்டின் பிராசஸர் பட்டியலில் இல்லை, அதனால் கிடையாது. ஆனால் பாருங்கள், 2021இல் அந்தப் பட்டியலைத் திருத்தியபோது ஏழாம் தலைமுறை லேப்டாப் சிப்களில் ஐ7 7820எச்கியூ என்ற ஒன்றுக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட சில மாடல்களுக்கு மட்டும், விதிவிலக்கு கிடைத்தது. அது எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது தெரியுமா? மைக்ரோசாஃப்ட்டே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல்! அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வயசே ஆவதில்லை போலிருக்கிறது.

இப்படி வழியில் விடப்பட்ட கம்ப்யூட்டர்கள் உலகம் முழுக்க 24 கோடி இருக்கலாம் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023இலேயே கணித்தது. இருபத்து நாலு கோடி. அத்தனையும் குப்பை என்று அந்தத் தம்பி ஒரே வாக்கியத்தில் தீர்ப்பெழுதிவிட்டார்.

ஓடுகிற கம்ப்யூட்டர் குப்பை இல்லை ஐயா. பிராசஸர் ஓடுகிறது, திரை எரிகிறது, கீபோர்டில் எல்லாக் கட்டையும் விழுகிறது. தேதி முடிந்தது சாஃப்ட்வேருக்குத்தான்.

விண்டோஸ் 10க்கே ஒரு வருஷம் கூடுதல் அப்டேட் வாங்கும் வழியும் இருக்கிறது. 2026 அக்டோபர் 13 வரைக்கும் 30 டாலர் கட்டியோ, மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி ஆயிரம் கொடுத்தோ, அல்லது உங்கள் செட்டிங்ஸை அவர்கள் கிளவுடில் ஏற்றச் சம்மதித்தால் காசு இல்லாமலோ வாங்கலாம். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டதால் அவர்களுக்கு அந்த கிளவுட் நிபந்தனை கூடக் கிடையாது, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் போதும். நமக்கு உண்டு. நாம் சண்டை போடவில்லையே, நாம் வீடியோவுக்கு லைக் போட்டுக்கொண்டிருந்தோம். இந்த ஒரு வருஷ வழியையாவது அந்த வீடியோவில் சொன்னாரா? சொன்னால் ஆஃபர் லிங்க்கை யார் அமுக்குவார்கள்!

இனி என் சொந்தக் கதை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், வழியில் எங்கெங்கோ போய்விட்டேன்.

தஞ்சாவூரில் என் பெரியம்மா இருக்கிறார், ஓய்வுபெற்ற டீச்சர். அவரிடம் நாலாம் தலைமுறை ஐ5 லேப்டாப் ஒன்று இருந்தது. விண்டோஸ் 10இல் அதைத் திறந்துவிட்டு காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, லினக்ஸில் லேசான வகையான மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டுக் கொடுத்தேன். அது நடந்து ரொம்ப நாளாகிறது. பெரியம்மாவுக்கு லினக்ஸ் என்றால் என்னவென்று தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை 'நரி' என்பார். நரியைத் திறந்து பட்டிமன்றம் பார்ப்பார், பென்ஷன் வந்ததா என்று பேங்க் தளத்தில் பார்ப்பார், டொரன்டோவில் இருக்கும் மகனோடும் பேத்திகளோடும் வீடியோவில் பேசுவார். தமிழ்99 விசைப்பலகையில் என்னைவிட வேகமாகத் தட்டுவார். பிரிண்டரைச் சொருகினேன், சிடி கிடி எதுவும் கேட்காமல் அதுவே அடையாளம் கண்டுகொண்டது. "விண்டோஸ்ல இதுக்கு அரை நாள் படுத்துமேடா" என்று அவரே சொன்னார்.

போன மாதம் டொரன்டோ அண்ணன் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார். அங்கே உட்கார்ந்தபடியே ஆன்லைனில் புது லேப்டாப் ஆர்டர் போட்டு, பழையதைத் தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறார். அது காயலான் கடைக்குப் போய்விட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் விண்டோஸே இல்லை! விண்டோஸ் 10 முடிந்தால் என்ன, முளைத்தால் என்ன, அந்த லேப்டாப்புக்கு அதில் சம்பந்தமே கிடையாது. அதில் இருந்த மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு. போன் போட்டுச் சொன்னால், "நீ சும்மா இருடா, உனக்கு எப்பவும் இந்த லினக்ஸ் கிறுக்கு. அம்மா அக்கவுன்ட்ல பணம் போச்சுன்னா நீ தருவியா?" என்கிறார். பெரியம்மா இப்போது புது லேப்டாப்பில் நரியைத் தேடிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு பொத்தான் 'கணக்குத் தொடங்கு, கணக்குத் தொடங்கு' என்று அவரை நச்சரிக்கிறது. அதைச் சரிசெய்ய மட்டும் என் நம்பர் ஞாபகம் வந்தது.

காயலான் கடைக்குப் போன லேப்டாப் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? மின்கழிவு விதிகள் 2022இலேயே வந்தாகிவிட்டது, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போகவேண்டும். ஆனால் நம் ஊரில் நடப்பது என்ன? டெல்லி சீலம்பூரில் ஒயரை எரித்துச் செம்பு எடுப்பதும், போர்டை ஆசிட்டில் ஊறவைப்பதும் ஊரறிந்த விஷயம். 'செக்யூரிட்டி' என்று பேசிவிட்டு அந்தப் புகைக்கு ஆள் அனுப்பிவைக்கிறோம்.

இதற்குள் உங்களில் பாதிப்பேர் கமென்ட் டைப் செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். தெரியும். 'அண்ணே, டேலி ஓடுமா?' லினக்ஸில் நேரடியாக ஓடாது. கடை கணக்கு டேலியில் எழுதுகிறவர் விண்டோஸிலேயே இருங்கள், உங்களை நான் இழுக்கவே இல்லை. ஆடிட்டர் ஆபீஸ்களில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை லினக்ஸில் வேலை செய்ய வைப்பதும் தலைவலிதான், ஒப்புக்கொள்கிறேன். 'போட்டோஷாப்?' ஓடாது. 'வேலரன்ட்?' ஓடாது. ஆனால் நாலாம் தலைமுறை ஐ5இல் வேலரன்ட் ஆடியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பது உங்களில் எத்தனை பேர்?

கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் வடிவமைக்கும் டிடிபி நண்பர்கள் பேஜ்மேக்கரைக் கேட்பார்கள். அடோபி 2001இல் வெளியிட்ட பேஜ்மேக்கர் 7ஐ, அவர்களே கைவிட்டு இருபது வருஷம் தாண்டிய பிறகும், பாமினி எழுத்துருவோடு கல்யாணப் பத்திரிகை அடிக்க நம்மூர் கடைகள் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. அதை யாரும் குப்பை என்று சொல்லவில்லை. வேலை நடக்கிறதா, நடக்கிறது. அந்த நியாயம் லேப்டாப்புக்கு மட்டும் ஏன் கிடையாது?

'லினக்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர் படித்தவனுக்குத்தான், சாதாரண ஜனங்களுக்குக் கஷ்டம்.' இதைக் கேட்டால்தான் எனக்குச் சுருக்கென்று ஏறும். பக்கத்துக் கேரளாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வருஷக்கணக்காக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள், பத்தாம் வகுப்பு ஐடி தேர்வையே அதில்தான் எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாம் என்ன நாசாவில் பயிற்சி எடுத்தவர்களா? நம்மிடம் மட்டும் வாய்ப்பு வரவில்லையா? 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சென்னை சி-டாக்கில் உருவானது, தமிழும் தெரிந்தது. நாம் என்ன செய்தோம்? எங்கள் தெருப் பிள்ளைகள் லேப்டாப் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த லினக்ஸை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் ஏற்றினார்கள். ஏற்றித் தந்த கடைக்காரர் அதற்குக் காசு வேறு வாங்கினார். இலவசமாக வந்ததை அழிக்கக் காசு கொடுத்த ஊர் இது. இன்று அதே ஊருக்கு ஒரு தம்பி வந்து குப்பை என்கிறார், கேட்டுக்கொள்கிறோம்.

'வைஃபை வேலை செய்யாது, என்விடியா கிராபிக்ஸ் கார்டு பிரச்சினை.' சில மாடல்களில் உண்மை. அதற்குத்தான் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே வைஃபை, சத்தம், கேமரா எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டுப் பிடித்தால் போடலாம்.

'ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேரை வைத்து டிபிஎம் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே.' போடலாம், தாராளமாக. நாளைக்குப் பெரிய அப்டேட் வரும்போது கதவடைத்தால் என்னிடம் வராதீர்கள்.

லினக்ஸில் இன்டெல்லின் பழைய 386 சிப்புக்கான ஆதரவை எப்போது எடுத்தார்கள் தெரியுமா? 2012இல். அந்தச் சிப் சந்தைக்கு வந்தது 1985இல். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுத ஆரம்பித்ததே ஒரு 386 கம்ப்யூட்டரில்தான். இருபத்தேழு வருஷப் பழைய சிப்பையும் விடாமல் தூக்கிச் சுமந்தவர்கள் அவர்கள். அதில் பலர் சம்பளம் இல்லாமல் ராத்திரியில் கண்விழித்து எழுதியவர்கள். அவர்களுக்குப் பேய்ப்பட இசை தெரியாது, ஆஃபர் லிங்க் கிடையாது. அதனால் நம் டைம்லைனுக்கு வருவதில்லை. கேட்டால், 'இலவசம்னா அதுல ஏதோ இருக்கும்' என்று சந்தேகம் வேறு. சந்தேகப்படவேண்டிய இடத்தில் மட்டும் சந்தேகப்பட மாட்டோம்.

புது லேப்டாப் வாங்குவதே பாவம் என்று நான் சொன்னதாக யாராவது திரிக்கப் போகிறீர்கள். காசு இருக்கிறதா, தேவை இருக்கிறதா, வாங்குங்கள். ஆனால் நேரத்தைப் பாருங்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கே ரேம் எல்லாம் போவதால் விலை எகிறிக் கிடக்கிறது. குரூஷியல் என்ற பெயரில் நமக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுக்கொண்டிருந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் போய் விலை கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் வீட்டில் இருக்கும் 8 ஜிபி ரேமைக் குப்பை என்று சொல்ல மனசு வராது.

என் வீட்டு ஆளே என்னை நம்பாதபோது ஊரை நான் என்ன குறை சொல்வது. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்: தூக்கிப் போடும் முன் ஒரு வார்த்தை என்னிடம் கேளுங்கள். திருச்சியிலும் தஞ்சாவூரிலும் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே கொண்டுவரலாம், காசு வேண்டாம். போட்டோ, டாகுமென்ட் எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றும் சார்ஜரும் கொண்டுவாருங்கள். போன முறை ஒருவர் சார்ஜர் இல்லாமல் வந்து என்னை முறைத்தார். டேலிக்காரர்கள் வரவேண்டாம். காயலான் கடைக்குப் போட்டுவிட்டு அப்புறம் போன் செய்பவர்கள் நிச்சயமாக வேண்டாம்.