நின்றுபோகவில்லை, நிறுத்தினேன்

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். குடும்பக் குரூப்பில் ஆரம்பித்து, சபைக் குரூப், பழைய மாணவர் குரூப் என்று சுற்றி, கடைசியில் மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கே அவருடைய ரூம்மேட் அனுப்பியிருக்கிறார். இருபத்தேழு வினாடி. மண்டபத்துக்கு வெளியே மழைவெள்ளம். அதன் ஓரத்தில் எங்கள் இன்னோவா ஹைகிராஸ் வண்டி, நாலு பக்கமும் இண்டிகேட்டர் மின்ன நிற்கிறது. பின்னால் சிரிப்புச் சத்தத்தோடு ஒரு குரல்: "லே, இங்க பாரு, மைனிக்க முப்பது லட்சம் வெள்ளத்துல செத்துக் கெடக்கு. கரண்டு வண்டியாக்கும்!"

எடுத்தவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. குரல் உங்களுக்கே தெரியும். எனக்குக் கொழுந்தன் முறை. மைனி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் அண்ணி, அதாவது நான். கீழே சிரிக்கும் பொம்மை போட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன், அதையும் சொல்லப் போவதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வண்டி நின்றுபோகவில்லை. நான் நிறுத்தினேன். தமிழ் படித்தவர்களுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

நடந்தது இவ்வளவுதான். சாப்பாடு முடிந்து கிளம்பினோம். மாமியார், பிள்ளைகள் இரண்டு பேர், பக்கத்து வீட்டு அக்காமார் இரண்டு பேர், நான். மண்டப வாசலில் ரோடு பள்ளம் என்பது அந்தப் பக்கம் போகிற எல்லாருக்கும் தெரியும். அரை மணி நேர மழைக்கே குளமாகிவிட்டது. எதிரே ஒரு பஸ் வேகம் குறைக்காமல் வந்தது. பஸ் எழுப்புகிற அலைக்குள் கொண்டு போய் வண்டியை விட எனக்கென்ன கிறுக்கா? ஓரத்தில் ஒதுக்கினேன், இண்டிகேட்டரைப் போட்டேன், காத்திருந்தேன். டயரில் பாதி அளவுகூடத் தண்ணீர் இல்லை. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் மடியில் போளிப் பொதி. டேஷ்போர்டில் 'ரெடி' என்று விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பஸ் போனதும் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். வீடியோ இருபத்தேழாவது வினாடியில் முடிகிறது. இருபத்தெட்டாவது வினாடியில் வண்டி கிளம்பியதை அவன் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சிரிக்க என்ன இருக்கிறது?

சத்தம் வரவில்லை, புகை வரவில்லை, அதனால் செத்துப்போச்சு என்று முடிவு. அப்பா, இது ஹைபிரிட் வண்டி. நிற்கும்போது பெரும்பாலும் எஞ்சின் அணைந்துதான் இருக்கும். அதற்காகத்தான் அந்தக் காசைக் கொடுத்தேன். இன்னோவா ஹைகிராஸில் இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மோட்டாரும் உண்டு. ஊர்ந்து போகும்போது பெரும்பாலும் மோட்டார் இழுக்கும். பிரேக் மிதித்தால் வீணாய்ப் போகிற வேகம் கரண்டாகி பேட்டரிக்குத் திரும்பும். பேட்டரி இறங்கினால் எஞ்சின் தானே எழுந்து ஏற்றிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். ஏசி கம்ப்ரசர்கூடக் கரண்டில்தான் ஓடுகிறது, அதனால் எஞ்சின் அணைந்தாலும் குளிர் குறையாது. சார்ஜர் கிடையாது. குத்துவதற்கு ஓட்டையே கிடையாது. "வீட்டுல கரண்டு பில்லு கூடிச்சா?" என்று கேட்காத ஆள் நம் தெருவில் இனி யாரும் பாக்கி இல்லை. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீடியோ எடுத்தவனுக்கு இது அத்தனையும் தெரியும். போன வருடம் பள்ளி லீவில் ஒரு மாதம் மஸ்கட் போயிருந்தோம். திரும்பி வந்தபோது வண்டி உண்மையாகவே செத்துக் கிடந்தது. பெரிய பேட்டரி இல்லை. எல்லா வண்டியிலும் இருக்குமே, அந்த 12 வோல்ட் சின்ன பேட்டரி. ஒரு மாதம் தொடாமல் போட்டது என் தப்பு. பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும், அதைத் திறந்து விடுகிற சாவி அந்தச் சின்ன பேட்டரிதான். அன்று ஜம்பர் கேபிளோடு பைக்கில் வந்து, முட்டு போட்டு உட்கார்ந்து, பானெட்டுக்குள் தலையை விட்டு வண்டியை எழுப்பியவன் இவனேதான். "மைனி, இதுல ரெண்டு பேட்டரி உண்டு கேட்டியளா?" என்று எனக்கே பாடம் எடுத்தான். சாயாவும் பழம்பொரியும் கொடுத்து அனுப்பினேன். செத்த வண்டி எப்படி இருக்கும், சாகாத வண்டி எப்படி இருக்கும் என்று இந்தத் தெருவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அவன். தெரியாமல் எடுத்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

சரி, கமெண்டில் வந்தவர்களுக்கும், வராமல் மனசுக்குள் சொல்லிக்கொண்டவர்களுக்கும் வருகிறேன்.

"வெள்ளத்துக்குள் ஹைபிரிட் கொண்டு போகலாமா, ஷாக் அடிக்காதா?" நியாயமான கேள்வி, கிண்டல் பண்ண மாட்டேன். உயர் அழுத்த ஒயர்களை ஆரஞ்சு நிறத்தில் தனியாகக் காட்டி, நன்றாக மூடித்தான் வைத்திருக்கிறார்கள். கசிவு தெரிந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதற்காக ஆழமான வெள்ளத்தில் எந்த வண்டியையும் இறக்கக்கூடாது, டீசலோ பெட்ரோலோ. காற்று இழுக்கிற வழியில் தண்ணீர் போனால் எஞ்சின் காலி. அதனால்தானே நிறுத்தினேன்!

"டீசல் வாங்கியிருக்கலாமே." வாங்கியிருக்கலாம். ஒன்பது வருடம் டீசல் வண்டிதான் வைத்திருந்தோம், குறை சொல்ல மாட்டேன். காலையில் அதை எடுத்தால் தெருவே எழுந்து உட்காரும், அவ்வளவுதான்.

"ஹைவேயில் ஹைபிரிட் ஒன்றும் கிழிக்காது." பாதி உண்மை. காவல்கிணறு நான்குவழியில் நூறில் விரட்டினால் எஞ்சின்தான் பெரும்பாலும் ஓடும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று வேறு எதிரே தள்ளும். அன்று லிட்டருக்குப் பதினைந்தைத் தாண்டவில்லை. சோதனைக் கணக்கில் 23.24 என்று போட்டிருக்கும் எண்ணை நான் திரையில் பார்த்ததே இல்லை. அதே வண்டியைத் தக்கலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஓட்டிப் பாருங்கள். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நின்று நின்று போகிற பாதை. நெரிசல் கூடினால் மற்ற வண்டிகளுக்கு மைலேஜ் விழும். இதற்குப் பதினெட்டு, பத்தொன்பது வரும். நமக்கு ஹைவே எங்கே மக்கா இருக்கிறது? நான்குவழிச் சாலைக்குத் தோண்டிப் போட்ட மண்தானே இருக்கிறது.

"பேட்டரி போனால் சொத்தை விற்க வேண்டும்." எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறது. இந்தத் தொழில்நுட்பம் நேற்று முளைத்தது இல்லை, ஜப்பானில் 1997-லேயே பிரியஸ் ரோட்டுக்கு வந்துவிட்டது. எட்டு வருடம் கழித்து என்ன செய்வாய் என்கிறீர்களா? அதை அப்போது பார்த்துக்கொள்கிறேன். உங்களிடம் கடன் கேட்டு வர மாட்டேன்.

"கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொடுத்தால் நல்லதுதான் அண்ணே, தவணை இன்னும் நாலு வருடம் பாக்கி இருக்கிறது.

அப்புறம் அந்த முப்பது லட்சம். தப்பு. அதற்கும் மேலே. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து இருபது லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுள்வரி 20 சதவீதம். வண்டி எடுத்த 2024-ல் ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து ஹைபிரிடுக்கு 43 சதவீதம், முழு மின்சார வண்டிக்கு 5. உத்தரப்பிரதேசத்தில் அதே வருடம் ஜூலையில் இந்த வகை வண்டிக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தார்கள். நாம் என்ன பாவம் செய்தோமோ. வரி வாங்கும்போது அரசாங்கத்துக்கு இது பெட்ரோல் வண்டி. வெள்ளத்தில் நின்றால் சொந்தக்காரர்களுக்கு இது கரண்டு வண்டி. மின்சார வண்டியின் பச்சை பிளேட்டும் இல்லாமல், வெள்ளை நம்பர் பிளேட்டை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய்ச் சொல்வது?

இவ்வளவும் வண்டியைப் பற்றி. வண்டியை விட்டுவிட்டு ஒன்று கேட்கிறேன். ஸ்டியரிங்கில் என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அந்த வீடியோ வந்திருக்குமா? "அண்ணன் விவரமா ஒதுக்கி நிறுத்திட்டாரு" என்றுதானே பேச்சு வந்திருக்கும்? சிரிப்பு முப்பது லட்சத்தில் இல்லை, "மைனிக்க" என்பதில் இருக்கிறது. நாலே முக்கால் மீட்டர் நீள வண்டியை மண்டபத்து சந்துக்குள் ஒரே வெட்டில் திருப்பி நிறுத்தினேன். அதற்கு வீடியோ இல்லை.

எட்டுப் பேர் உட்காரும் வண்டி இருந்தால் அந்த வீட்டுக்கு அது சொந்தமில்லை, ஊருக்குச் சொந்தம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. (குறையாகத்தான் சொல்கிறேன், போகட்டும்.) பெண் பார்க்கப் போக, மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம் கொண்டு போக, திற்பரப்பு அருவிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக, ஏர்போர்ட்டில் ஆள் ஏற்ற, ஆள் இறக்க. அயினிச்சக்கை (காட்டுப் பலா) ஏற்றிய நாளுக்குப் பிறகு மூன்றாவது வரிசை கார்ப்பெட்டிலிருந்து அந்தப் பிசினைச் சுரண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. மூன்று வரிசையிலும் ஆளை ஏற்றிவிட்டு, "பெட்டி எங்க மைனி வைக்க?" என்று கேட்பார்கள். என் தலையில் வையுங்கள்.

அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது மக்களே, இதுல என்ன இருக்கு" என்று அவர்களே சொன்னார்கள்.

சித்திக்குத் திருவனந்தபுரத்தில் ரேடியேஷன். வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம். காலை ஐந்து மணிக்குக் கிளம்புவோம். போக வர நூறு கிலோமீட்டர் சொச்சம். முதல் வாரம் வேறு ஒரு வண்டியில் போனார்கள், சிக்னலுக்குச் சிக்னல் எஞ்சின் நடுங்குகிற நடுக்கத்தில் வாந்தி நிற்கவில்லை. அப்புறம் நான் கூட்டிப் போனேன். நடு வரிசை சீட்டைப் பின்னால் தள்ளி, சாய்த்து, தலையணை வைத்துப் படுக்க வைப்பேன். நெய்யாற்றின்கரையில் வண்டி நிற்கும், எஞ்சின் அணையும், ஒரு சத்தமும் இருக்காது. சித்தி மூச்சு விடுவது எனக்குக் கேட்கும். அது சீராகக் கேட்டால் தூங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். இருபது நாள் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு ஓட்டினேன். பெட்ரோலுக்குக் கணக்கு வைக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, வைத்தேன், கேட்கவில்லை.

அந்தச் சித்தியின் மகன்தான் வீடியோ எடுத்தவன். அப்போது அவன் வெளிநாட்டில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. தினமும் ராத்திரி போன் செய்து, "மைனி, அம்மை வழியில உறங்கினாளா?" என்று கேட்பான். உறங்கினாங்க லே. எஞ்சின் அணைந்து கிடந்ததால் உறங்கினாங்க. நீ இப்போது செத்துப்போச்சு என்று சிரித்தாயே, அந்தச் சத்தமில்லாமைக்குள்தான் உறங்கினாங்க.

இதைப் படித்துவிட்டு அவனைப் போய் யாரும் திட்ட வேண்டாம். அவன் கெட்டவன் இல்லை. நாலு பேர் சிரிக்க வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். வீடியோவை அழித்துவிட்டதாக நேற்று எனக்குத் தனியாக அனுப்பியிருந்தான். மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மை ஒன்று இருந்தது.

வியாழக்கிழமை அவனுக்குத் திரும்பிப் போக டிக்கெட். வண்டி வேண்டும் என்று அவன் கேட்கவில்லை, சித்தியை விட்டுக் கேட்டான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதிகாலை மூன்றரைக்கு வாசலில் நிற்பேன். சத்தம் கேட்காது, ஹாரனும் அடிக்க மாட்டேன். அவனே எழுந்து வந்து கேட்டைத் திறந்து பார்க்கட்டும்.