‘வசனம் எங்கே?’ என்று சிரித்தவர்களுக்கு

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எந்த வீடியோ என்று உங்களுக்கே தெரியும். இந்த வாரம் முழுக்க எல்லாருடைய பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. “தலையான பாவங்கள் ஏழுன்னு கத்தோலிக்கர்கள் மனப்பாடம் பண்றாங்களே, வசனம் எங்கே?” என்று கேட்டுவிட்டு, முதுகை வளைத்து, கையில் இல்லாத செபமாலையை உருட்டி, “அகங்காரம், லோபித்தனம்...” என்று மூக்கால் ஒப்பிக்கிறாரே அந்த மேடைப் பிரசங்கியார், அந்த இடம்தான். கூட்டம் சிரிக்கிறது. உடனே பைபிளில் பவுலின் கடிதமான 1 தீமோத்தேயு 4:7 எடுத்து, இதெல்லாம் ‘கிழவிகள் பேச்சு’ என்கிறார். மறுபடியும் சிரிப்பு. எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் அது வந்தது, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மையோடு. நான் கத்தோலிக்க வீட்டில் பிறந்து, புராட்டஸ்டன்ட் சபையான சிஎஸ்ஐ குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் என்பது அந்தக் குழுவில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

சரி, கேள்வி நியாயமானதுதான். பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஏழையும் ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொல்கிற வசனம் பைபிளில் இல்லை. இருப்பதாக எந்தச் சாமியாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. ஆனால் அகங்காரம், பண ஆசையாகிய லோபித்தனம், மோகம், கோபம், பெருந்தீனியாகிய போசனப்பிரியம், பொறாமையாகிய காய்மகாரம், சோம்பல் என்ற அந்த ஏழும் பைபிளில் இருக்கின்றன. பட்டியல் இல்லை, பாவங்கள் இருக்கின்றன. இந்த வித்தியாசம் புரியாதவர் மைக் பிடிக்கலாமா என்பது அவருடைய சபை பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

வசனம் வேண்டுமா? உங்களுக்குப் பழக்கமான மொழிபெயர்ப்பிலேயே தருகிறேன். எசேக்கியேல் 16:49. சோதோம் என்ற ஊர் ஏன் அழிந்தது என்று கேட்டால் எல்லாரும் காமம் என்ற ஒரே ஒரு காரணத்தைத்தான் சொல்வார்கள், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. எசேக்கியேல் சொல்வதைக் கேளுங்கள்: “கெர்வமும், ஆகாரத்திரட்சியும், நிர்விசாரமான சாங்கோபாங்கமும்.” அகங்காரம், போசனப்பிரியம், சோம்பல். ஏழில் மூன்று ஒரே வரியில் வந்துவிட்டன. அந்த வசனம் அங்கேயும் நிற்கவில்லை. “சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவுமில்லை” என்று முடிகிறது. தின்று கொழுத்து, கவலையில்லாமல் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த ஏழையைக் கண்டுகொள்ளாத ஊர். இந்த வசனத்தை வைத்து எத்தனை கன்வென்ஷனில் பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்?

மிச்சம் நான்கும் உண்டு. பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேர் என்று 1 தீமோத்தேயு 6:10 சொல்கிறது. அவர் சிரித்துக்கொண்டே எடுத்த 4:7-இலிருந்து இரண்டு பக்கம் தள்ளினால் போதும், அதே கடிதம்தான். கோபத்துக்கும் மோகத்துக்கும் மலைப்பிரசங்கத்தைத் திறந்தால் மத்தேயு 5-இலேயே இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. பொறாமைக்கு மத்தேயு 27:18. ஆண்டவர் இயேசுவைப் “பொறாமையினாலே” பிடித்துக்கொடுத்தார்கள் என்று விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவுக்கே தெரிந்திருந்ததாம். சிலுவைக்குக் கொண்டுபோய் விட்ட பாவம் அது, அதற்கு வசனம் எங்கே என்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எங்கள் கத்தோலிக்க ஆட்களுக்கு. கமெண்டில் போய் நீதிமொழிகள் 6:16-ஐ வீசாதீர்கள். கர்த்தர் வெறுக்கிற ஆறு, ஏழு என்று அங்கே வருவது வேறு வரிசை. பொய் நாவு, குற்றமற்ற இரத்தம் சிந்தும் கை, சகோதரருக்குள்ளே விரோதத்தை உண்டாக்குகிறவன் என்று போகும். மேட்டிமையான கண் ஒன்றைத் தவிர இந்த ஏழோடு அது பொருந்தாது. ஏழு என்ற எண்ணைப் பார்த்ததும் குதிக்கக் கூடாது.

அடுத்து, “போப் கண்டுபிடித்தது” என்கிற பாட்டு. அவர்கள் சொல்கிற பெரிய கிரகோரியார் போப்பாக இருந்தது 590 முதல் 604 வரை. அவருக்கு ஏறக்குறைய இருநூறு வருடம் முன்பே எகிப்துப் பாலைவனத்தில் இவாக்ரியுஸ் என்ற துறவி இதை எழுதிவிட்டார். அவர் இறந்தது 399-இல். அவருடைய கணக்கில் எட்டு. பெருந்தீனி, மோகம், பண ஆசை, துக்கம், கோபம், சலிப்பு, வீண்புகழ், அகங்காரம். பொறாமை அதில் இல்லை. அந்த எட்டை எகிப்தில் துறவிகளோடு இருந்து கற்றுக்கொண்ட யோவான் கசியான் பிரான்சின் தெற்கே மர்சேய்க்குக் கொண்டுபோய் லத்தீனில் எழுதினார். அவரிடமிருந்து வந்ததைத்தான் கிரகோரியார் மாற்றி அடுக்கினார். அகங்காரத்தை எல்லாவற்றுக்கும் வேர் என்று தனியே வைத்தார், பொறாமையைச் சேர்த்தார், சலிப்பைத் துக்கத்தோடு சேர்த்தார். அதையும் எங்கே செய்தார்? யோபு புத்தகத்துக்கு எழுதிய விளக்கவுரையில். பைபிள் விளக்கவுரை ஐயா! இன்று நாம் சொல்கிற ஏழு அதற்கும் பின்னால் படிந்து வந்தது.

“பார்த்தீர்களா, மாறிக்கொண்டே வந்திருக்கிறது, அப்போது மனிதர் உண்டாக்கியதுதானே” என்பீர்கள். ஆமாம், மனிதர் அடுக்கியதுதான். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்று நாம் எல்லாரும் சொல்கிறோமே, அந்தத் திரித்துவம் என்ற சொல்லும் எந்த வசனத்திலும் இல்லை. அதற்கு யாரும் முதுகை வளைத்துக் காட்டுவதில்லை.

இவாக்ரியுஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தச் சண்டையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் அவர்தான். வசனம் இல்லாத பட்டியல் என்று இவர்கள் சிரிக்கிற அந்தப் பட்டியலை முதலில் எழுதியவர், அதற்கென்றே தனியாக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு கெட்ட எண்ணத்துக்கும் என்ன வசனத்தால் பதில் சொல்வது என்று எட்டு பாகம், ஏறக்குறைய 500 வசனங்கள். வனாந்தரத்தில் சோதனைக்காரனான சாத்தானுக்கு ஆண்டவர் வசனத்தால் பதில் சொன்னாரே, அதைப் பார்த்துச் செய்தது. எல்இடி திரையும் செல்போன் ஆப்பும் இல்லாத மணல்காட்டுக் குடிலில் உட்கார்ந்து 500 வசனம் பொறுக்கியவரிடம் போய் “வசனம் எங்கே” என்று கேட்கிறோம்.

அவர் சலிப்பைப் பற்றி எழுதியதைப் படித்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். மத்தியானம் ஆனதும் துறவிக்குப் பொழுதே போகாது. சூரியன் நகர்ந்ததா என்று ஜன்னலைப் பார்ப்பான். யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பான். இந்த இடம் சரியில்லை, இங்கே யாருக்கும் அன்பில்லை, வேறெங்காவது போய்விடலாம் என்று தோன்றும். மத்தியானப் பேய் என்கிறார் அதை. சங்கீதம் 91-இல் “மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்” என்று வருகிறதே, அதிலிருந்து எடுத்தது. ஜன்னலுக்குப் பதில் போன் என்று வைத்துக்கொண்டால் இது நான்தான்.

இப்போது பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். அவர் நடித்துக் காட்டிய கிழவி.

என் பாட்டி தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் கருவாடு போட்டவள். எழுதத் தெரியாது. ஞானோபதேசம் என்கிற கோயில் மறைக்கல்வியில் கற்றுக்கொண்ட ஏழும், அதற்கு எதிரான புண்ணியங்கள் ஏழும் சாகும்வரை நாக்கில் இருந்தன. தாழ்ச்சி, உதாரம், கற்பு, பொறுமை, அளவாக உண்பதாகிய மட்டசனம், பிறர்சிநேகம், சுறுசுறுப்பு. சும்மா ஒப்பிக்கவில்லை. பக்கத்து வீட்டு வள்ளத்துக்குப் பெரிய சீலா மீன் பாடு விழுந்த நாளில், கரையிலிருந்து ஏலக்குரல் ஏறிக்கொண்டே போகும். எங்கள் வள்ளம் டீசல் காசுக்கும் காணாமல் வந்திருக்கும். பாட்டி ஓலைப்பாயில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பாள். விரல் இடுக்கெல்லாம் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருக்கும். ஏலக்குரல் இன்னும் ஒரு படி ஏறும்போது வெடுக்கென்று சொல்வாள்: “காய்மகாரம் வருது மாதாவே, போவச் சொல்லு.” சொல்லிவிட்டு அடுத்த மீனைத் திருப்புவாள். உள்ளே வருகிற எண்ணத்துக்குப் பெயர் சொல்லி வெளியே அனுப்புவது. இவாக்ரியுஸ் துறவிகளுக்கு எழுதிவைத்ததும் அதுதான். அவர் பெயரை என் பாட்டி கேள்விப்பட்டதே இல்லை.

‘கிழவிகள் பேச்சு’ என்று எழுதிய அதே பவுல் அதே தீமோத்தேயுவுக்கு எழுதிய அடுத்த கடிதத்தில், உன் விசுவாசம் முந்தி உன் பாட்டியாகிய லோவிசாளுக்குள் நிலைத்திருந்தது என்கிறார். 2 தீமோத்தேயு 1:5. வசனம் கேட்டீர்களே.

“எல்லாப் பாவமும் சமம்தானே, எதற்கு ஏழு மட்டும்?” சமம் இல்லை. யோவான் 19:11-இல் ஆண்டவரே “அதிக பாவமுண்டு” என்கிறார். அதோடு இந்த ஏழும் பெரிய பாவங்களின் டாப் செவன் இல்லை. கொலை இதில் இல்லையே, கவனித்தீர்களா? கொலை செய்ய வைப்பது இதில் இருக்கிறது. தம்பியைக் கொன்ற காயீன் கையை ஓங்குவதற்கு முன்னாடியே அவன் முகம் வாடிவிட்டது. இவை மற்ற பாவங்களைப் பெற்றுப்போடுகிற பாவங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்னென்ன படை வரும் என்று கிரகோரியார் எழுதிவைத்திருக்கிறார். அவ்வளவுதான், நகர்வோம்.

“உங்கள் ஆட்கள் மட்டும் யோக்கியமா?” இல்லை. எங்கள் கத்தோலிக்கப் பக்கத்துத் தியானக் கூட்டம் ஒன்றில் போசனப்பிரியத்தைப் பற்றிப் பேசியவர், முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்து, “சிலரைப் பார்த்தாலே தெரியும்” என்றார். எனக்குத் தைராய்டு. அதை எழுந்து நின்று சொல்லவா முடியும்? மத்தியானம் பிரியாணி வரிசையில் நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு அக்கா என் காதில் “கொஞ்சமா வாங்கிக்க” என்றார். பிறகு வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். நேரத்துக்கு முன்னால் உண்பது, விலை உயர்ந்ததையே தேடி உண்பது, அளவுக்கு மேல் உண்பது, பறந்துகொண்டு உண்பது, பக்குவம் பார்த்துப் பார்த்து உண்பது என்று போசனப்பிரியத்துக்கு ஐந்து வழி சொல்கிறார் கிரகோரியார். அளவு ஐந்தில் ஒன்றுதான். தோசையில் முறுகல் போதாது என்று மூன்று தடவை திருப்பி அனுப்புகிற ஒல்லிக்குச்சி ஆளும் உள்ளேதான் இருக்கிறார். ஆண்டவரையே “போஜனப்பிரியனும் மதுபானப்பிரியனுமான மனுஷன்” என்று ஊர் சொன்னது, மத்தேயு 11:19. நான் எந்த மூலைக்கு.

ஆக, ஏழையும் எடுத்துக்கொண்டு அடுத்தவரை அளப்பது எங்கள் பக்கமும் நடக்கிறது. ஆனால் பட்டியலே இல்லை என்று சிரிப்பது வேறு. பட்டியல் இல்லை, பாவங்கள் இருக்கின்றன என்று மறுபடியும் சொல்கிறேன். பட்டியலைத் தூக்கிப் போட்டால் யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள். சினிமா, சீரியல், பெண்ணின் உடை, பொட்டு, பூ என்று எல்லாவற்றுக்கும் வசனம் எடுக்கிறார்கள். மோகத்துக்கு வாரம் ஒரு பிரசங்கம் உண்டு. லோபித்தனத்துக்கு? வருடத்தில் ஒரு நாளாவது உண்டா? இருக்காது. அன்றைக்குக் காணிக்கை குறையும்.

“விக்கிரகாராதனையான பொருளாசை” என்று கொலோசெயர் 3:5-இல் இருக்கிறது. நான் கல்யாணமாகி வந்தபோது என் பெட்டியில் ஒரு சின்ன மாதா சுரூபம் இருந்தது, பாட்டி தந்தது. அதை அலமாரிக்குள் வைக்கச் சொன்னார்கள். விக்கிரகம் வீட்டுக்கு ஆகாதாம். வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு முன்ஹாலில் பவுன் கணக்குப் பேசினார்கள். சொன்னதற்கு ஐந்து பவுன் குறைகிறது என்று அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அதைத் துடைத்துக்கொண்டே இருந்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தவள் நான். அன்றைக்கு யாரும் வசனம் எங்கே என்று கேட்கவில்லை.

“குடும்ப விஷயத்தை முகநூலில் எழுதலாமா” என்று இப்போதே ஒருவர் உள்பெட்டிக்கு வந்துவிட்டார், பாதிப் பதிவை முந்தாநாள் போட்டு அழித்ததற்கே. என் பாட்டியை மேடையில் நடித்துக் காட்டலாம், அது ஊழியம். நான் எழுதினால் குடும்ப மானம். அந்தப் பவுன் பேச்சு நடந்தபோது ஜெபித்து ஆரம்பித்துவைக்க ஓர் ஊழியர் வந்திருந்தார். பேச்சு முடியும்வரை அங்கேதான் இருந்தார். காபி கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, சீனி பத்தவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.