ரூபியோவின் பெற்றோர் காஸ்ட்ரோவுக்குப் பயந்து ஓடிவந்தவர்களா?

2024 நவம்பரில் செனட்டர் மார்கோ ரூபியோவை வெளியுறவு அமைச்சர் பதவிக்கு டிரம்ப் அறிவித்ததும், ஆதரவாளர்கள் கொண்டாடினார்கள். அதில் தப்பே இல்லை, அந்தப் பதவிக்கு வந்த முதல் லத்தீன் வம்சாவளிக்காரர் அவர்தான். ஆனால் கூடவே "காஸ்ட்ரோ ஆட்சியிலிருந்து தப்பி ஓடிவந்த அகதிகளின் மகன்" என்ற வரியும் சுற்றுகிறதே, அது சரியில்லை.

தேதியைப் பாருங்கள். அவருடைய பெற்றோர் கியூபாவிலிருந்து அமெரிக்கா வந்தது 1956 மே மாதம். அப்போது கியூபாவை ஆண்டவர் பாட்டிஸ்டா. காஸ்ட்ரோ மெக்சிகோவில் இருந்தார், அந்த டிசம்பரில்தான் கிரான்மா என்ற படகில் வந்து கியூபாவில் கரையேறினார், ஆட்சியைப் பிடித்தது 1959 ஜனவரியில். வராத ஆட்சிக்குப் பயந்து எப்படி ஓட முடியும்? பிழைப்புத் தேடி வந்த குடும்பம் அது, அப்பா மதுக்கூடத்தில் பரிமாறியவர். அதில் என்ன குறைச்சல்?

2011-லேயே பத்திரிகைகள் இதைக் கிளப்பின, செனட் இணையதளத்தில் இருந்த அவருடைய வாழ்க்கைக் குறிப்பும் திருத்தப்பட்டது. வீட்டில் சொல்லக் கேட்டதைத்தான் சொன்னேன், 1961-ல் அம்மா கியூபாவிலேயே வாழலாம் என்று திரும்பிப் போய், அங்கே கம்யூனிசம் வருவதைப் பார்த்துத்தான் வந்துவிட்டார் என்பது ரூபியோ தந்த விளக்கம். அதையும் சேர்த்தே சொல்லுங்கள், ஆனால் 1956-ஐ மாற்றாதீர்கள்.