சாம்பார் சாதமும் எங்கள் மணியும்

நாய்க்கு விஷமாகும் உணவுகள் பற்றிய கட்டுரையில் சாக்லேட்டுக்கும் திராட்சைக்கும் ஒதுக்கிய இடத்தில் பாதியாவது வெங்காயத்துக்குத் தந்திருக்கலாம். நம் வீடுகளில் நாய்க்கு சாக்லேட் யார் கொடுக்கிறார்கள்? மிஞ்சிய சாம்பார் சாதம்தானே போகிறது, அதுவும் சின்ன வெங்காயத்தோடு. வேகவைத்தால் விஷம் போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போகாது. வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உடனே தெரியாது; சில நாள் கழித்துத்தான் சோர்வு, வெளிறிய ஈறு, டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர். எங்கள் மணிக்கு அப்படி ஆனபோது, வெயில் சூடு என்று இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். இப்போது அவனுக்கு வெறும் சோறும் வேகவைத்த கோழியும்தான். பூனைக்கு இன்னும் குறைந்த அளவே போதும், ஆபத்து வர. அப்புறம், வாசலில் அரளி வைத்திருப்பவர்கள் கவனிக்க: இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும்.