சூடு மிதித்தலில் உள்ள ‘சூடு’ வெயில் இல்லை

பெரும்போக (பெரிய பருவ) நெல் வெட்டு தொடங்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு வந்துவிடும். உச்சி வெயிலில், கொதிக்கும் களத்தில் மாடுகளை நடக்க விட்டுக் கதிரிலிருந்து நெல்லைப் பிரித்ததால்தான் அந்த வேலைக்குச் ‘சூடு மிதித்தல்’ என்று பெயர் வந்ததாம். திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்து வயல் படத்தையும் போட்டுப் பரப்புகிறார்கள்.

இது பிழை. இங்கே சூடு என்பது வெப்பம் இல்லை. அறுத்த கதிர்களைக் கட்டி அடுக்கிய குவியல். வெட்டிய கதிரைக் களத்துக்குக் கொண்டுவந்து சூடு வைப்பார்கள். பிறகு அதைப் பிரித்துக் களத்தில் பரப்பி, மாடுகளைப் பிணைத்துச் சுற்றிவர நடத்துவார்கள். மிதிபட்டு நெல் உதிரும். வைக்கோலை உதறி ஒதுக்கி, காற்று வரும் பக்கம் பார்த்துத் தூற்றினால் பதர் பறக்கும், பொலி, அதாவது தூற்றிய நெல், நிற்கும்.

வெயில்தான் காரணம் என்றால், நிலா வெளிச்சத்தில் விடிய விடிய மிதித்ததை என்னவென்று சொல்வது? மாடு போய் உழவு இயந்திரம் வந்த பிறகும் எங்கள் பக்கத்தில் அது சூடடிப்புத்தானே!

சொல்லும் புதிதல்ல. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையிலேயே நெல் அறுத்துச் ‘சூடு’ குவிக்கும் காட்சி இருக்கிறது. தமிழ்நாட்டில் இதையே போரடித்தல் என்பார்கள். அந்தப் போர் வைக்கோற்போரில் வரும் போர், சண்டை இல்லை. சூடும் அதே மாதிரித்தான். அந்தப் பதிவு உங்களுக்கும் வந்தால், அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள். களத்துச் சொற்கள் ஏற்கெனவே குறைந்துகொண்டு வருகின்றன. மிச்சமிருப்பதற்காவது சரியான பொருள் நிற்கட்டும்.