பூஸ்ட் ஏறினால் மைலேஜ் இறங்கும்
ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் பெரிய என்ஜினின் சக்தியையும் சின்ன என்ஜினின் மைலேஜையும் தருகிறது என்று நான் படித்த ஒரு கார் கட்டுரை சொல்கிறது. டர்போ என்பது எக்ஸாஸ்ட், அதாவது வெளியேறும் புகை, சுழற்றும் டர்பைன் மூலம் என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி; அந்தக் கூடுதல் காற்றழுத்தம்தான் பூஸ்ட். சக்தி, மைலேஜ் இரண்டும் கிடைக்கும், சரி, ஆனால் ஒரே நேரத்தில் கிடைக்காது. நிதானமாக ஓட்டும்போது சின்ன என்ஜினில் த்ராட்டில் (காற்று நுழையும் வால்வு) கூடுதலாகத் திறந்திருக்கும், காற்றை உள்ளே இழுக்க வீணாகும் உழைப்பு குறையும், மிச்சமாவது அங்கேதான். ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் நிலைமை தலைகீழ். சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறி நாக்கிங் (பெட்ரோல்-காற்றுக் கலவை கண்டபடி வெடித்துத் தட்டுவது) வரப் பார்க்கும். அதைத் தடுக்க இசியு (என்ஜினின் கணினி) இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விடும் நேரத்தை, தள்ளிப்போடும். அப்போது எக்ஸாஸ்ட் இன்னும் சூடாகும். டர்பைனைக் காப்பாற்ற, பல என்ஜின்களில் தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளிப்பார்கள். அந்தப் பெட்ரோல் வண்டியை நகர்த்துவதில்லை, சூட்டைத் தணிக்க மட்டுமே போகிறது. என் மூன்று சிலிண்டர் டர்போ காரில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஏறும்போது, டேஷ்போர்டில் மைலேஜ் எண் சரசரவென்று இறங்குவதைப் பார்க்கிறேன். இன்னொன்று: கலவையை எவ்வளவு இறுக்குகிறோம் என்ற கம்ப்ரெஷன் விகிதம் கூடினால் மைலேஜும் கூடும், ஆனால் நாக்கிங் பயத்தால் டர்போவில் அதைக் குறைத்தே வைக்கிறார்கள். மஸ்தா 2011ல் டர்போ இல்லாமலே 14:1 கம்ப்ரெஷனில் 1.3 லிட்டர் என்ஜினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஃபோர்டின் ஒரு லிட்டர் ஈக்கோபூஸ்ட் டர்போ என்ஜினில் அது 10:1தான். அப்புறம், டாப் கியரிலேயே குறைந்த ஆர்பிஎம்மில் இழுத்தால் மைலேஜ் கூடும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு: நேரடி இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும்) டர்போவில் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குறைந்த வேகம், அதிக லோடு என்ற அந்த நிலையில்தான் ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும், பிஸ்டனே உடையலாம். கியரைக் குறையுங்கள், ஆயிலும் ஏபிஐ எஸ்பி (இப்படி முன்கூட்டியே பற்றுவதைத் தடுக்க உதவும் என்ஜின் ஆயில் தரம்) தரமா என்று பாருங்கள்.